காற்றுக்கு எதிரே

ஸ்டோனி ஓடைப் பண்ணை, வயோமிங்
ஏப்ரல் 22, 1974

ஓரின்,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். நான் இப்போது சண்டைக்கு வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பண்ணையிலிருந்து லட் பீட்டர்சன் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி வாசலில் நின்றான். "ஓரின் எழுதியிருந்தான் வெல்டா. ஆடு, மேய்ச்சல் நிலம் எல்லாத்தையும் நானே எடுத்துக்கறதாப் பேச்சு. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றான். எனக்குத் தெரியாது என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

குதிரை உன் மேல் விழுந்து இடுப்பு உடைந்ததற்கு நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. டென்வர் ஆஸ்பத்திரியில் காலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் கிடக்கிறாயே என்று இங்கே ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். படுத்துக்கொண்டே வீட்டை விற்கிறாய். மேட்டில் மண்ணுக்குள் நம் கோரா இருக்கிறாள், ஓரின். அவளை லட்டின் மாடுகளுக்கு நடுவே விட்டுவிட்டு நான் எந்த ஊருக்கு வந்து, எந்த வாடகை வீட்டில் உட்கார்ந்து, எந்த ஜன்னலைப் பார்ப்பது?

விற்க மாட்டேன். ஆனால் இங்கே வேறொரு தொல்லை வந்திருக்கிறது. மேல் மேய்ச்சலில் கயோட்டி நரி இறங்கிவிட்டது. இந்த வாரம் மட்டும் மூன்று குட்டிகள், எல்லாம் கழுத்தில் கடி. ஒன்றைப் பாதி தின்றுவிட்டு மீதியைத் தூக்கிப் போயிருக்கிறது. பொறி வைத்துப் பிடிக்கிற அரசாங்க ஆள் ஜூன் வரைக்கும் வர முடியாது என்கிறார். ஒவ்வொரு வருஷமும் இந்த வேலையை நீதான் செய்தாய். உன் துப்பாக்கியையும், முயல் கத்துவது போலக் கத்துமே அந்த மர ஊதலையும் எடுத்து வைத்திருக்கிறேன். எப்படி என்று எழுது. டெலிபோனில் கேட்டால் நம்மோடு ஒரே லைனைப் பங்கு போடுகிற பள்ளத்தாக்கு முழுக்கக் காதை வைத்துக் கேட்கும். அதனால் எழுது. விற்பதைப் பற்றி எழுதாதே.

வெல்டா


டென்வர்
ஏப்ரல் 27

வெல்டா,

லட்டுக்கு முதலில் எழுதியது தப்பு. உனக்கு எழுதியிருந்தால் நீ விடமாட்டாய் என்று தெரியும், அதனால் அவனுக்கு எழுதினேன். விற்பதுதான் சரி என்று இன்னமும் நினைக்கிறேன். டாக்டர் நேற்றுத்தான் சொன்னார், இனிக் குதிரை ஏறுவதை மறந்துவிட வேண்டுமாம். பக்கத்துக் கட்டிலில் கூரையிலிருந்து விழுந்த ஒருவன் படுத்திருக்கிறான். நாள் முழுக்கப் பேசுகிறான். சாப்பாட்டுக்கு ஆடுகிற பச்சைக் களி ஒன்று தருகிறார்கள். அவனுக்கு அது பிடிக்கிறது. என்னுடையதையும் அவனுக்கே கொடுத்துவிடுகிறேன்.

எப்படியும் நீ போகத்தான் போகிறாய். அதனால் சொல்கிறேன்.

ஊதலைத் தொடாதே. முதலில் சும்மா போய்ப் பார். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஊதினால், இங்கே ஒரு பைத்தியம் வந்திருக்கிறது என்று நீயே அதற்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி. மேல் மேய்ச்சலுக்குப் போகிற வண்டித் தடத்தில் நட. எச்சம் கிடந்தால் குச்சியால் கிளறு. கம்பளி மயிர் இருந்தால் நம் ஆட்டைத் தின்றது அதுதான். சேற்றில் கால் தடம் பார். நாயின் தடம் அகலமாக, அலைந்து திரியும். கயோட்டியின் தடம் நீள வாக்கில், ஒடுங்கி, நூல் பிடித்தது போல ஒரே கோட்டில் போகும். வேலை இருக்கிறவன் நடை அது.

பொழுது சாயும்போது மேட்டில் நின்று கேள். ஊளை எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதைக் குறித்துக்கொள். இந்த மாதத்தில் அவை ஜோடியாகத்தான் இருக்கும். எங்கோ குழியில் குட்டிகள் இருக்கும். அவற்றுக்காகத்தான் இவ்வளவு கறி.

வண்டியை மேட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்து. கதவை அறையாதே. நீ அறைவாய்.

ஓரின்


ஸ்டோனி ஓடை
மே 3

ஓரின்,

கதவை அறையவில்லை. அது தானாக அறைந்துகொண்டது. நீ சரி செய்கிறேன் என்று போன இலையுதிர் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்த அதே கதவுதான்.

நீ சொன்னபடி எல்லாம் பார்த்தேன். தடம் இருக்கிறது. நூல் பிடித்த மாதிரியேதான். எச்சத்தில் கம்பளி. ஒரு மனுஷி ஐம்பதை நெருங்கும் வயதில் குச்சியை வைத்துக்கொண்டு இதைக் கிளறுவாள் என்று என் அம்மாவிடம் யாராவது சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிக்கொள்ள விட்டிருக்க மாட்டாள். ஊளை சிவப்புக் கரைப் பக்கமிருந்து வருகிறது. ஒன்று நீளமாக இழுக்கிறது, இன்னொன்று இடையில் புகுந்து குரைக்கிறது. நீயும் நானும் பேசிக்கொள்வது போல.

பொறுக்க முடியவில்லை. நேற்றுக் காலையில் கரைக்கு எதிரே ஒரு பாறை மேல் ஏறி உட்கார்ந்து ஊதினேன். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு பலமாக ஊதினேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, என் உடம்பே கூசிப்போய்விட்டது. நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எது வந்தது தெரியுமா? லட் பீட்டர்சன். வேலிக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வருகிறான்.

"யாரு கழுத்தப் புடிச்சு நெரிக்கிற வெல்டா?"

"கயோட்டி கூப்பிடறேன் லட்."

"இப்படிக் கூப்பிட்டா மூணு ஜில்லாவுக்கு அந்தால போய் ஒளிஞ்சிக்கும். முயலு அஞ்சு நிமிஷமாவா சாகும்? அதுவும் பாற மேல, வானத்துக்கு நடுவுல குந்திக்கிட்டு? ஓரின்கிட்ட சொன்னேன்னு வையி, சிரிச்சே அந்த இடுப்பு மறுபடி ஒடஞ்சிரும்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்பு என்று ஒன்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன். திரும்பி வருகிறபோது பார்த்தால், நான் உட்கார்ந்த பாறைக்குப் பின்னால், கல்லெறி தூரத்தில், ஈர மண்ணில் புதுத் தடம். வந்திருக்கிறது, ஓரின். என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போயிருக்கிறது.

நான் என்ன தப்புச் செய்தேன்? சீக்கிரம் எழுது. இன்னும் இரண்டு குட்டி போய்விட்டது.

வெல்டா


டென்வர்
மே 9

வெல்டா,

பக்கத்துக் கட்டில்காரனுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இருமி இருமிச் சிரித்தான். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

முதல் தடவையே அதை வரவழைத்துவிட்டாய். எனக்கு முதல் வருஷம் முழுக்க ஒன்றும் வரவில்லை. இதை லட்டிடம் சொல்.

தப்பு காற்றில். கயோட்டி கண்ணை நம்பாது, காதை நம்பாது, மூக்கைத்தான் நம்பும். சத்தம் கேட்டதும் நேராக வராது. சுற்றிக்கொண்டு, காற்று உன்னிடமிருந்து அதற்கு வீசுகிற பக்கம் போய், உன் வாசனையைப் பிடித்துப் பார்க்கும். அதனால்தான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றது. காற்று உன் முகத்தில் அடிக்கும்படி உட்கார். பாறை மேல் வேண்டாம். சேஜ் புதர் ஒன்றின் மேல் சாய்ந்து, அதோடு புதராக இரு. முயல் எப்படிச் சாகுமோ அப்படி ஊது, கொஞ்சம் கத்தி, கொஞ்சம் ஓய்ந்து. பிறகு அசையாதே. மூக்கு அரித்தாலும் அசையாதே.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். காற்று முகத்தில் அடிக்கும்போது உன் சத்தம் காற்றுக்கு எதிரே போக வேண்டும். ரொம்ப தூரம் போகாது. மெல்லிய காற்றென்றால் பரவாயில்லை. பலமாக அடிக்கிற நாளில் எவ்வளவு கத்தினாலும் உன் காலடியிலேயே விழுந்துவிடும், எதிரே ஒரு வேலி தூரத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. அந்த மாதிரி நாளில் ஊதாதே, வீட்டுக்குப் போ.

இப்போது உட்காரவைக்கிறார்கள். வலிக்கிறது.

ஓரின்


ஸ்டோனி ஓடை
மே 14

ஓரின்,

உன் கடிதத்தைத் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே வண்டியில் உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பாராவை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. காற்றுக்கு எதிரே கூப்பிட்டால் ஒரு வேலி தூரத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது என்று எழுதியிருக்கிறாய்.

அன்றைக்கு நாம் கொட்டகை வாசலில் நின்றுதானே கூப்பிட்டோம். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நீ விளக்கைத் தூக்கிப் பிடித்தாய், நான் தொண்டை கிழியக் கத்தினேன். கோரா வடக்கு வேலி ஓரம் இருந்தாள். காற்று அங்கிருந்துதான் வந்தது.

நாம் மூன்று வருஷமாக இதைப் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். நேரில் என்றால் நீ எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விடுவாய். இப்போது உன்னால் எழுந்து போக முடியாது.

அன்று ஓர் ஆட்டுக்குட்டியைக் கோரா அடுப்படிக்குத் தூக்கி வந்திருந்தாள். தரையெல்லாம் அசிங்கம் பண்ணிவிட்டது. நான் கூட்டிக்கொண்டிருந்தேன். "இதத் தூக்கிட்டு மொதல்ல வெளிய போ!" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேல் கோட்டைப் போட்டாள். தாய் ஆட்டிடம் விட்டுவிட்டு வரத்தான் வடக்கு மேய்ச்சலுக்குப் போனாள். அப்போது வானம் தெளிவாக இருந்தது. பிறகு பனிப்புயல் இறங்கியது. நாம் கூப்பிட்டோம், அவள் ஒரு சத்தமும் கொடுக்கவில்லை. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டது, என் மேல் கோபத்தில் பதில் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வயதுப் பிள்ளையின் வீம்பு, அதற்குள் குளிர் வென்றுவிட்டது என்று.

கேட்கவே இல்லையா, ஓரின்?

இதைப் படித்ததும் முதலில் என் நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதைவிடப் பெரிய கல் ஏறிவிட்டது. கேட்கவில்லை என்றால், நாம் கூப்பிடவே இல்லை, யாரும் தேடி வரவில்லை, வெளியே போ என்று சொன்ன அம்மா நிஜமாகவே சொல்லிவிட்டாள் என்று நினைத்திருப்பாளா?

அவளைக் கண்டெடுத்தவன் நீ. என்னை அருகே விடவில்லை. போர்வையில் சுற்றித்தான் காட்டினாய். எனக்கு ஒன்றும் தெரியாது. நீ எழுது.

வெல்டா


ஸ்டோனி ஓடை
மே 28

ஓரின்,

பெட்டியில் தபால் வருகிறதா என்று பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிட்டேன் என்று லட்டிடம் சொன்னேன். அவனே ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் போட்டுக் கேட்டான். நீ நன்றாகத்தான் இருக்கிறாயாம், ஊன்றுகோல் வைத்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடக்கிறாயாம். சரி. நடக்கிறவன் எழுதாமல் இருந்தால் அது அவன் விருப்பம்.

நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். கயோட்டியைச் சுட்டுவிட்டேன்.

சனிக்கிழமை விடியற்காலை. காற்று மெல்ல முகத்தில் பட்டது. புதரோடு புதராக உட்கார்ந்தேன். முயல் சத்தம் இரண்டு முறை கொடுத்தேன், ஒன்றும் அசையவில்லை. விரல் விறைத்துப் போயிருந்தது. மூன்றாவது முறை ஊதும்போது பல்லில் பட்டு ஊதலுக்குள் இருக்கிற தகட்டு நாக்கு நெரிந்துவிட்டது. சத்தம் முயல் மாதிரி வரவில்லை. கீச்சென்று, சின்னதாக, நாய்க்குட்டியை மிதித்த மாதிரி வந்தது. கெட்டுவிட்டதே என்று கீழே வைக்கப் போனேன்.

கரை விளிம்பில் வந்து நின்றது. நின்றது என்று சொல்ல முடியாது. சுற்றவில்லை, மோப்பம் பிடிக்கவில்லை, நீ சொன்ன எதையும் செய்யவில்லை. நேராக, வெட்டவெளியில், என்னை நோக்கி ஓடி வந்தது. அவ்வளவு சூட்சுமமான பிராணி ஏன் இப்படி வருகிறது என்று ஒரு பக்கம் யோசித்துக்கொண்டே சுட்டுவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பெண். வயிற்று மயிர் உதிர்ந்து, காம்பெல்லாம் ஈரமாக இருந்தது. தன் குட்டி கத்துகிறது என்று வந்திருக்கிறது.

லட்தான் வந்து தூக்கினான். "நல்ல குறி வெல்டா, நானே இப்படிச் சுட்டிருக்க மாட்டேன்" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம குட்டிங்களத் தின்னுச்சுல்ல" என்றான். தின்றதுதான். நானே கிளறிப் பார்த்தேனே. குட்டிகள் இருக்கிற குழியையும் தோண்டி முடித்துவிடலாம் என்று மண்வெட்டி எடுத்தான். வேண்டாம் என்றேன். "நீ ஆடு வளக்கறியா, கயோட்டி வளக்கறியா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மண்வெட்டியை வண்டியில் போட்டுவிட்டான். குட்டிகள் கறி தின்கிற வயதுக்கு வந்துவிட்டன, அப்பன் கொண்டுவந்து போடும், எலியும் முயலும் தேடிப் பிழைத்துக்கொள்ளும் என்று போகிறபோது அவனே சொன்னான்.

அதற்குப் பிறகு நம் ஆடு ஒன்றும் சாகவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். சாயங்காலத்தில் சிவப்புக் கரையிலிருந்து அந்த நீளமான ஊளை மட்டும் வருகிறது. இடையில் குரைக்கிறதற்கு ஆளில்லை. இழுத்து இழுத்துக் கூப்பிட்டுவிட்டு, நிறுத்தி, காத்திருக்கிறது.

ஊதலை இனித் தொட மாட்டேன். நீ விற்க வேண்டுமென்றால் விற்றுக்கொள், ஓரின். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

வெல்டா


டென்வர்
ஜூன் 2

வெல்டா,

உனக்கு எழுதக் கூடாது என்று இல்லை. தாழ்வாரத்தில் நடந்ததெல்லாம் எப்படி எழுதுவது என்று யோசித்துத்தான். எனக்கு இதெல்லாம் வராது. உனக்குத் தெரியும்.

கேட்டிருக்காது. நீ கேட்டதற்கு அதுதான் பதில். அந்தக் காற்றில் நாம் கத்தியது கொட்டகை முற்றத்தைக்கூடத் தாண்டியிருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும். நீ உன்னையே இப்படிக் கொன்றுகொண்டிருக்கிறாய் என்று தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வடக்கு வேலியில், மூலைக் கட்டைக்கு இந்தப் பக்கம், பெரிய சேஜ் புதர் ஒன்று இருக்கிறது. அதன் மறைவில் இருந்தாள். விழுந்து கிடக்கவில்லை. உட்கார்ந்திருந்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டி, முட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு. பனியில் வழி தெரியாவிட்டால் நடக்காதே, காற்றுக்கு முதுகு காட்டி உட்கார், நான் வருகிற வரைக்கும் எழுந்திருக்காதே என்று அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒன்று விடாமல் செய்திருந்தாள். சுற்றி எந்தப் பக்கமும் அலைந்த தடம் இல்லை. யாரும் வர மாட்டார்கள் என்று நினைக்கிற பிள்ளை எழுந்து ஓடும், வெல்டா, அழுதுகொண்டு எங்காவது ஓடும். அவள் ஓடவில்லை. வருவோம் என்று உட்கார்ந்திருந்தாள். கோபமும் இல்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன். தூங்குகிற முகம்தான்.

அவள் நான் சொன்னதைக் கேட்காமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பாள். இதை வைத்துக்கொண்டுதான் நான் உன் பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தேன்.

இன்னொன்று. கோட்டுப் பித்தானெல்லாம் கழுத்து வரை போட்டிருந்தாள். உள்ளே அந்தக் குட்டி இருந்தது. உயிரோடு. அவள் உடம்புச் சூட்டை அது வாங்கிக்கொண்டதோ, அதன் சூடு அவளுக்கு எட்டும் என்று அவள் நினைத்தாளோ, தெரியாது. உன்னிடம் அதைக் கொண்டுவந்து காட்ட முடியவில்லை. கொன்றுவிடவும் முடியவில்லை. மந்தையில் விட்டுவிட்டேன். பெண் குட்டி. வளர்ந்தது. இந்த வருஷம் சினையாக இருந்தது. பிப்ரவரியில் தீனி போடப் போகும்போதுகூடப் பார்த்தேன். தினமும் வந்து என் கால்சட்டையை முகரும். அதைப் பார்க்க முடியாமல்தான் விற்றுவிடலாம் என்றேன். இடுப்பு ஒரு சாக்கு.

நீ மேட்டை விட்டு வரமாட்டாய், நான் மந்தையைப் பார்க்க மாட்டேன். இரண்டும் அவளால்தான். உனக்கு வேண்டுமென்றால் அதன் அடையாளத்தை எழுதுகிறேன். விற்பதா வேண்டாமா என்று நீ சொல். நீ சொல்வதைக் கேட்கிறேன்.

நீ சுட்டது சரிதான். வேண்டாம் என்று மண்வெட்டியைத் தடுத்ததும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று கேட்காதே.

ஓரின்


ஸ்டோனி ஓடை
ஜூன் 8

ஓரின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வடக்கு வேலிக்குப் போனேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. அந்தப் புதர் இன்னும் இருக்கிறது. அதன் மறைவில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை. அங்கிருந்து நம் வீட்டுக் கூரை தெரிகிறது. அடுப்படிப் புகை தெரிகிறது. வெயில் இருக்கிற நாளில் நல்ல இடம்தான், ஓரின்.

நடக்காமல் உட்கார் என்று யாரும் தன் பிள்ளைக்குச் சொல்லத்தான் செய்வார்கள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நீ எனக்குச் சொன்ன மாதிரி நானும் உனக்குச் சொல்கிறேன். என்னை நீ நம்ப வேண்டும். உன்னை நான் நம்புகிறேன்.

லட் வந்து கேட்டான். "என்னதான் முடிவு பண்ணீங்க ரெண்டு பேரும்? நீ ஒண்ணு சொல்ற, அவன் ஒண்ணு சொல்றான். அப்புறம் மாத்தி அவன் நீ சொன்னதச் சொல்றான், நீ அவன் சொன்னதச் சொல்ற. எனக்குத் தல சுத்துது." நீ வீட்டுக்கு வந்து கம்பளி கத்தரித்து முடிகிற வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கும் தெரியாது. ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவோம். எழுந்து போகாதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

அங்கிருந்து நேராக மந்தைக்குப் போனேன். பொழுது சாய்கிற நேரம். குட்டிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேட்டில் ஏறி ஏறிக் குதித்து ஓடிக்கொண்டிருந்தன. எது என்று தேட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக முகத்தைப் பார்த்தேன். மூன்று வயதுத் தாய் ஆடுகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. ஒன்று இரட்டைக் குட்டிகளோடு நின்றது. ஒன்று குட்டியே இல்லாமல் மடி வற்றி நின்றது. கயோட்டி தூக்கிப் போனதில் அதனுடையதும் ஒன்று. அதுவாக இருக்குமோ, இதுவாக இருக்குமோ என்று நின்றுகொண்டே இருந்தேன். ஒன்று வந்து என் பாவாடையை முகர்ந்தது. பிறகு இன்னொன்றும் வந்து முகர்ந்தது.

அடையாளம் எழுத வேண்டாம், ஓரின். நீ வந்த பிறகும் காட்ட வேண்டாம். எது என்று தெரியாததால் இப்போதெல்லாம் எல்லாவற்றின் தலையையும் தடவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

வெல்டா